ரோபோ இன்ஸ்பெக்ஷன்: அங்கே பாஸ், இங்கே ஃபெயில் ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எஃப்ஆர்சி எனப்படும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் பலர் ஆடுகிறார்கள். நான் ஒரு பள்ளி அணிக்கு மென்டார். வேறு ஊர்ப் போட்டிகளில் தன்னார்வ இன்ஸ்பெக்டராகவும் போகிறேன். அதனால் சீசன் தொடங்கியதுமே ஒரே விதமான கேள்விகள் வரும். ஒரே விதி, ஒரே ரோபோ, ஆனால் இன்ஸ்பெக்டருக்கு இன்ஸ்பெக்டர் தீர்ப்பு மாறுகிறதே என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மனக்குறை. அதற்குத் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். விதி எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றைத் தரவில்லை. உங்கள் சீசனின் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"இன்ஸ்பெக்ஷன்ல என்ன அங்கிள் பார்ப்பாங்க? எங்க டீம்ல எல்லாரும் பயப்படுறாங்க."

தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு ரோபோவும் முழு இன்ஸ்பெக்ஷனில் தேற வேண்டும். எதையெல்லாம் பார்ப்பார்கள் என்ற செக்லிஸ்ட்டை ஃபர்ஸ்ட் அமைப்பே ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. எடை, அளவு, பம்பர், மின்சாரம், காற்றழுத்தம், மென்பொருள் என்று அது போகும். பேட்டரியிலிருந்து 120 ஆம்பியர் மெயின் பிரேக்கருக்குப் போகும் கம்பி 6 கேஜை விட மெலிதாக இருக்கக் கூடாது (கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்). 40 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து கிளம்பும் கம்பி 12 கேஜை விட மெலிதாக இருக்கக் கூடாது. காற்றைச் சேமிக்கும் பக்கத்தில் 120 பிஎஸ்ஐ, வேலை செய்யும் பக்கத்தில் 60 பிஎஸ்ஐ, அதுதான் உச்சம்.

அந்தச் செக்லிஸ்ட்டைக் கிளம்பும் முன்பே அச்செடுத்து, ரோபோவைக் கட்டாத ஒரு மாணவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கட்டியவர் கண்ணுக்குத் தன் வேலையில் உள்ள குறை தெரியாது. ஊரிலேயே ஒரு முறை தேறிவிட்டால் பயம் பாதி போய்விடும்.

"இந்த இன்ஸ்பெக்டர்கள் யாரு? சம்பளம் வாங்கிட்டு வர்றவங்களா?"

இல்லை, எல்லோரும் தன்னார்வலர்கள். பொறியாளர்கள், இதே போட்டியில் ஆடி வளர்ந்த கல்லூரி மாணவர்கள், வேறு அணிகளின் மென்டார்கள், ஓய்வுபெற்றவர்கள் எனப் பலவகை. சீசனுக்கு முன் அவர்களுக்குப் பயிற்சிப் பாடங்கள் உண்டு. ஒவ்வொரு போட்டியிலும் இவர்களுக்குத் தலைவராக ஒரு லீட் ரோபோ இன்ஸ்பெக்டர் இருப்பார், சுருக்கமாக எல்ஆர்ஐ. ரோபோவோ அதன் ஒரு பாகமோ விதிக்கு உட்பட்டதா என்பதில் அந்தப் போட்டியில் அவர் சொல்வதே முடிவு என்று மேனுவலே சொல்கிறது.

பயிற்சி ஒன்றாக இருந்தாலும் அவரவர் தொழில் அவரவர் கண்ணோடு வரும். மின்வேலை தெரிந்தவர் பேட்டரி லக்கை, அதாவது கம்பியைப் பேட்டரியோடு சேர்க்கும் உலோக முனையை, பிடித்து ஆட்டிப் பார்ப்பார். அது கொஞ்சம் அசைந்தாலும் விடமாட்டார். இயந்திர வேலைக்காரர் அதே ரோபோவில் முதலில் விரலை ஓட்டுவது வெட்டிய அலுமினியத் தகட்டின் ஓரத்தில். தீர்ப்பு மாறுவதற்கான முதல் விதை இங்கேதான் விழுகிறது.

"போன போட்டியில பாஸ் ஆன அதே ரோபோ, இங்க எப்படி ஃபெயில் ஆகும்?"

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு போட்டியிலும் இன்ஸ்பெக்ஷன் புதிதாக நடக்கும். டிஸ்ட்ரிக்ட் முறை உள்ள மாநிலங்களில் ஒரு அணி இரண்டு டிஸ்ட்ரிக்ட் போட்டி, பிறகு டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்ஷிப், தகுதி பெற்றால் ஹூஸ்டனில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப் என்று போகும்போது ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து பார்ப்பார்கள். முந்தைய இடத்தில் பாஸ் ஆனது எந்த உரிமையையும் தராது. "அங்கே விட்டாங்களே" என்பது பிள்ளைகள் வாயில் முதலில் வரும் வாதம். அது ஒருபோதும் செல்லாது.

ஏன் மாறுகிறது என்பதற்குப் பல காரணங்கள். ஒரு போட்டிக்கு முப்பதிலிருந்து அறுபது ரோபோக்கள் வரும். பெரும்பாலானவை முதல் நாள் மாலைக்குள் முடிய வேண்டும். அந்த அவசரத்தில் முதல் இன்ஸ்பெக்டர் கவனிக்காமல் விட்டதை இரண்டாமவர் கவனிக்கிறார். இதுதான் பெரும்பாலும் நடப்பது. சில நேரம் ரோபோவே மாறியிருக்கும். நடுவில் ஒரு மோட்டாரைச் சேர்த்திருப்பார்கள், அவசரத்துக்குக் கையில் கிடைத்த கம்பியைப் போட்டிருப்பார்கள், பிறகு அது மறந்தே போயிருக்கும். சில நேரம் விதி மாறியிருக்கும். சீசன் நடுவிலும் அவ்வப்போது டீம் அப்டேட் என்ற விதித் திருத்த அறிவிப்பு வரும். முதல் வாரத்தில் சரியாக இருந்தது நான்காம் வாரத்தில் தவறாகலாம். அதைப் பாரபட்சம் என்று சொல்ல முடியாது.

நான்காவது காரணம்தான் எனக்கு வருத்தம் தருவது. மேனுவலைத் திறக்காமல் நினைவிலிருந்து தீர்ப்புச் சொல்வது. எடை வரம்பையே பாருங்கள். பேட்டரியும் பம்பரும் சேர்க்காமல் 2018 வரை 120 பவுண்டு, 2019 முதல் 125, பிறகு 2025-ல் 115. பம்பர் விதிகளையும் 2025-ல் பெரிய அளவில் மாற்றினார்கள். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறவர் மனத்தில் இத்தனை சீசன்களின் விதிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அனுபவசாலிகளிடம்தான் இந்தப் பிழை அதிகம்.

"ரூல் எழுத்துல தெளிவா இருக்கும்போது ஆளுக்கு ஆள் எப்படி மாறும்?"

எண்ணில் உள்ள விதியில் சண்டை குறைவு. எண் இல்லாத விதியில்தான் மாறும். பம்பரை "விரைவாகவும் எளிதாகவும்" மாட்டிக் கழற்ற முடிய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதன் கீழே நீலக் கட்டத்தில், இரண்டு பேர் ஐந்து நிமிடத்துக்குள் செய்ய முடிவது ஒரு வழிகாட்டல் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் நீலக் கட்டத்தில் உள்ளவை விளக்கம் மட்டுமே, அவற்றுக்கு விதியின் எடை கிடையாது என்று மேனுவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே ஏழு நிமிடம் பிடிக்கும் பம்பரை ஒருவர் விடலாம், இன்னொருவர் நிறுத்தலாம். இருவரையும் தவறு என்று சொல்லிவிட முடியாது.

கூரான ஓரம் கூடாது, மெயின் பிரேக்கர் சுலபமாகக் கைக்கு எட்ட வேண்டும், ரோபோ கவிழ்ந்தாலும் பேட்டரி கழன்று விழக் கூடாது போன்றவையும் இதே ரகம். எது கூர், எது சுலபம்? மேனுவலோ, எழுத்தில் உள்ளது என்ன சொல்கிறதோ அதுவே பொருள், நோக்கத்தை ஊகித்து வாசிக்காதீர்கள் என்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் அதே மேனுவலில் "எளிதாக" என்ற சொல் இருக்கும்வரை யாராவது ஊகித்தே ஆக வேண்டும். இந்தச் சொற்களில் பாதியையாவது அளவுகளாக மாற்றலாம் என்பது என் உறுதியான கருத்து. முன்பு பம்பர் பலகைக்கும் ரோபோ சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குக் கால் அங்குல ஆழம், 8 அங்குல அகலம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். டேப்பை வைத்தால் பேச்சு முடிந்தது.

"இன்ஸ்பெக்டர் 'இது கூடாது'ன்னு மட்டும் சொல்றார். எந்த ரூல்னு கேட்டா கோபப்படுவாரோ?"

கேட்டே ஆக வேண்டும். "எந்த விதின்னு காட்ட முடியுமா? நாங்க படிச்சுத் திருத்திக்கிறோம்" என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. விதியைக் காட்டாமல் ஒரு ரோபோவை நிறுத்துவதை நான் ஏற்பதே இல்லை, யார் செய்தாலும். பிள்ளைகள் ராத்திரி பகலாகக் கட்டிய ஒன்றை நிறுத்துகிறவர், எந்த வரியை வைத்து நிறுத்துகிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

ஒரு முறை பக்கத்து பிட்டில், அதாவது அணி தன் ரோபோவை வைத்து வேலை செய்யும் இடத்தில், பார்த்தது. மோட்டார் கன்ட்ரோலருக்குப் போகும் பாசிட்டிவ் கம்பி வெள்ளை நிறம். "பிளஸ் சிவப்பாகத்தான் இருக்கணும், எல்லாத்தையும் மாத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர். மின்பிரிவுப் பொறுப்பில் இருந்த மாணவி எதிர்த்துப் பேசவில்லை. மேனுவலில் நிறங்களைச் சொல்லும் இடத்தைத் திறந்து டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினாள். பாசிட்டிவுக்குச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பழுப்பு அல்லது கோடு போட்ட கறுப்பு, நெகட்டிவுக்குக் கறுப்பு அல்லது நீலம் என்று அதில் இருக்கிறது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு முறைக்கு இரு முறை படித்தார். "நீ சொல்றது சரி" என்று சொல்லி அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். அவள் அந்தப் பக்கத்தைத் தயாராக வைத்திராவிட்டால் அன்று மாலை முழுவதும் கம்பி மாற்றுவதிலேயே போயிருக்கும்.

இதனால்தான் எங்கள் அணியில் வாங்கிய கம்பிச் சுருளின் லேபிளையும் மோட்டார்களின் விவரத் தாளையும் ஒரு ஃபைலில் போட்டு பிட்டிலேயே வைக்கச் சொல்கிறேன். மேலுறையில் கேஜ் அச்சடிக்காத சிலிக்கோன் கம்பியை 12 கேஜா 14 கேஜா என்று யாராலும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. லேபிளைக் காட்டினால் விஷயம் முடியும்.

"சரி, லீட் இன்ஸ்பெக்டரும் அதையேதான் சொல்றார். அப்புறம்?"

ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் உங்கள் ரோபோவை நேரில் வந்து பார்த்துச் சொன்னாரா, இல்லை முதல் இன்ஸ்பெக்டர் வாய்வழி சொன்னதைக் கேட்டுச் சொன்னாரா? இரண்டாவது என்றால், பிட்டுக்கு வந்து பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். இரண்டு வரியில் சொல்லப்பட்ட பாகம் ஒரு மாதிரியாகவும், நேரில் கையில் பிடித்த பாகம் வேறு மாதிரியாகவும் இருக்கும். அவருக்கே சந்தேகம் இருந்தால் ஃபர்ஸ்ட் தலைமையகத்தைத் தொடர்புகொண்டு கேட்க முடியும். கேட்டுச் சொல்ல முடியுமா என்று நீங்கள் விசாரிப்பதிலும் தவறில்லை.

அதன் பிறகும் "கூடாது" என்றால் கூடாதுதான். மேலே சொன்னபடி அவர் சொல் முடிவானது. உடனே திருத்தும் வேலையில் இறங்குங்கள். கோபத்தில் போகும் அரை மணி நேரம் உங்கள் முதல் ஆட்டத்தின் அரை மணி நேரம். இன்னொன்றும் செய்யலாம். "எது இருந்தால் ஏற்பீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலான லீட் இன்ஸ்பெக்டர்கள் அந்த இடத்திலேயே வழி சொல்வார்கள், சிலர் கருவியையும் கையில் எடுப்பார்கள். விதிக்கு உட்பட்ட ரோபோவாக மாற்ற உதவுவதும் அவர்கள் வேலையின் பகுதிதான்.

"அஃபிஷியல் கேள்வி-பதில்ல எங்களுக்குச் சாதகமா ஒரு பதில் இருக்கு. காட்டினா ஒத்துக்கணும்தானே?"

காட்டுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் எஃப்ஆர்சியில் இந்தக் கேள்வி-பதில், அதாவது விதி பற்றி அணிகள் கேட்பதற்கு ஃபர்ஸ்ட் எழுத்தில் தரும் பதில், மேனுவலின் எழுத்துக்கு மேலே போகாது. இரண்டும் முரண்பட்டால் மேனுவலே நிற்கும். அந்தப் பதிலை வைத்து டீம் அப்டேட்டில் விதியே திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுதான் அசைக்க முடியாத ஆதாரம்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். "எங்கள் டிசைன் சரியா?" என்று படம் போட்டுக் கேட்டால், டிசைனுக்குத் தீர்ப்பு சொல்வதில்லை என்றுதான் பதில் வரும். குறிப்பிட்ட விதியில் உள்ள ஒரு சொல் இன்ன நிலைமைக்குப் பொருந்துமா என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். இதை ஜனவரியிலேயே, டிசைன் காகிதத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும். முதல் நாள் இரவு அடுத்த அணியின் மென்டார் வாய்மொழியாகச் சொன்ன உறுதியை நம்பி வராதீர்கள்.

"எங்க ஸ்கூல் தராசுல 114.6, அங்க 115.3 காட்டுது. யார் தராசு சரி?"

போட்டித் தராசுதான் சரி, அது தவறாகக் காட்டினாலும். வரம்பை ஒட்டிக் கட்டிவிட்டு தராசைக் குறை சொல்வதில் பலன் இல்லை, ஒரு பவுண்டாவது கீழே இருங்கள். தராசு சமதளத்தில் இருக்கிறதா, ஏற்றும் முன் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கேட்பது நியாயம். இன்னொரு முறை ஏற்றிப் பார்க்கக் கேட்பதும் நியாயம்.

"காலையில ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க, மதியம் மறுபடி கூப்பிடுறாங்க. இது அநியாயம் இல்லையா?"

இல்லை. எப்போது வேண்டுமானாலும் மறுபடி பார்க்க இன்ஸ்பெக்டர்களுக்கு உரிமை உண்டு. ரோபோவில் மாற்றம் செய்தால் நீங்களே போய்ச் சொல்லி மறு இன்ஸ்பெக்ஷன் கேட்க வேண்டும் என்பதும் விதி. தகுதிச் சுற்றுக்குப் பிறகு வரும் பிளேஆஃபுக்கு முன் திரும்ப எடை போடுவதும் வழக்கம்தான். ஆட்டத்தில் பம்பர் தொங்கியதையோ, எங்கோ புகை வந்ததையோ ரெஃப்ரி பார்த்துச் சொல்லியிருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள், சொல்வார்கள்.

காலையில் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன அதே பாகத்தை, மாற்றம் எதுவும் இல்லாமல், மதியம் வேறொருவர் தவறு என்றால் அது வேறு கதை. அப்போது முதலில் பார்த்தவரையும் கூட்டிக்கொண்டு எல்ஆர்ஐயிடம் போங்கள். காலையில் யார் பார்த்தார், என்ன சொன்னார் என்று உங்கள் பிட் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

"பையனுக்கு அழுகையே வந்துடுச்சு. நான் அப்பா, நான் போய்ப் பேசக் கூடாதா?"

உங்கள் மனம் புரிகிறது, ஆனால் வேண்டாம். ஆட்டம் சம்பந்தமான சந்தேகம் என்றால் மைதான ஓரத்தில் உள்ள கேள்விக் கட்டத்தில் நின்று ஹெட் ரெஃப்ரியிடம் பேச, பள்ளி மாணவர் ஒருவருக்குத்தான் அனுமதி. இன்ஸ்பெக்ஷனில் அப்படிக் கறாரான தடை இல்லை, மென்டார்கள் பேசலாம். ஆனாலும் பிள்ளையே விதியைக் காட்டிப் பேசும்போது இன்ஸ்பெக்டர் கேட்கும் விதமே வேறு. பெரியவர் குரல் உயர்ந்தால் இன்ஸ்பெக்டரும் தன் சொல்லைக் காப்பாற்றும் நிலைக்குப் போய்விடுவார், அதோடு திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. பிள்ளையைத் தனியே அழைத்துத் தண்ணீர் கொடுங்கள். என்ன சொன்னார்கள், எந்த விதி என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே பாதி தெளிந்துவிடுவான்.

"என்கிட்ட வீடியோ இருக்கு. காட்டினா?"

ஆட்டத்தின் வீடியோவையோ போட்டோவையோ எந்த நிலையிலும் ஹெட் ரெஃப்ரி உட்பட யாரும் பார்க்கமாட்டார்கள் என்று மேனுவலில் தெளிவாக இருக்கிறது. வெக்ஸ் என்ற இன்னொரு ரோபோ போட்டியிலும் இதே நிலைதான். கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ரோபோவின் உள்ளே மறைந்திருக்கும் ஒரு இணைப்பு எப்படிப் போட்டது என்பதற்கான போட்டோ வேறு விஷயம். அதை இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்குத் தடை இல்லை, உதவியாகவும் இருக்கும்.

"பெரிய டீம்களைக் கண்டுக்காம விடுறாங்க, எங்களை மாதிரி புது டீமைத்தான் நோண்டுறாங்க. உண்மையா?"

வேண்டுமென்றே அப்படிச் செய்பவரை நான் பார்த்ததில்லை. ஆனால் நடப்பதில் அந்தச் சாயல் இருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். பேர்பெற்ற அணியின் ரோபோ முன் நிற்கும்போது இவர்களுக்குத் தெரியாததா என்ற எண்ணம் இன்ஸ்பெக்டருக்கு வரும், பார்வை கொஞ்சம் வேகமாக ஓடும். புது அணியிடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதில் உதவும் எண்ணமும் கலந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைக்கு அது உதவியாகத் தெரியாது.

பெரிய அணிகள் சீக்கிரம் முடித்துவிட்டுப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செக்லிஸ்ட்டின் வரிசையிலேயே ரோபோவைத் திறந்து காட்ட ஒரு மாணவரைப் பழக்கி வைத்திருப்பார்கள். மூடிகள் கழன்றிருக்கும், பிரேக்கர் பக்கம் டார்ச் தயாராக இருக்கும். இதைப் புது அணியும் செய்யலாம், செலவு எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, பேர் எதுவானாலும் செக்லிஸ்ட்டின் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே டிக் போடுவது. அதைக் கறாராகக் கேட்டு வாங்கும் எல்ஆர்ஐ இருக்கும் போட்டிகளில் இந்தக் குறை எழுவதே இல்லை.

"இந்தியாவுல என் தங்கை பசங்க டபிள்யூஆர்ஓ ஆடுறாங்க, இங்க என் பொண்ணு வெக்ஸ். அங்கேயும் இப்படித்தானா?"

நோய் ஒன்றுதான், இடம் மாறும். வெக்ஸின் வி5 போட்டியில் தொடக்க அளவு 18 அங்குலக் கனசதுரம். அண்மைச் சீசன்களில் நாமே வெட்டும் பிளாஸ்டிக் பன்னிரண்டு துண்டுகளுக்குள், ஒவ்வொன்றும் 4-க்கு 8 அங்குலத்துக்குள், தடிமன் 0.070 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாம் அளவுகள்தான், ஆனால் எல்லா இன்ஸ்பெக்டரும் காலிப்பரைக் கையில் எடுப்பதில்லை. வெக்ஸில் எனக்குப் பிடித்தவை இரண்டு. எச்சரிக்கையோ தகுதிநீக்கமோ கொடுத்தால் எந்த விதி மீறப்பட்டது என்று ஹெட் ரெஃப்ரி எண்ணோடு சொல்ல வேண்டும். அதிகாரபூர்வக் கேள்வி-பதிலையும் மேனுவலின் நீட்சியாகவே எடுத்துக்கொள்வார்கள். எஃப்ஆர்சியில் அது எப்படி வேறுபடுகிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன். விதி எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எல்லாப் போட்டிகளும் இன்ஸ்பெக்ஷனுக்கும் கொண்டுவர வேண்டும்.

டபிள்யூஆர்ஓ என்னும் உலக ரோபோ ஒலிம்பியாட்டில், ரோபோமிஷன் பிரிவுக்குத் தொடக்க அளவு 250 மில்லிமீட்டர் கனசதுரம். கேபிள்களும் அதற்குள் அடங்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கேபிளை ஒரு நடுவர் விரலால் உள்ளே தள்ளிவிட்டுப் போவார், இன்னொருவர் தவறு என்று குறிப்பார். சோதனையில் குறை தெரிந்தால் திருத்த மூன்று நிமிடம் தருவது சர்வதேச விதியில் உள்ளது. அந்த மூன்று நிமிடத்தைப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், பயிற்சியாளர் உள்ளே வர முடியாது. அதோடு, உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப விதிகளை மாற்றிக்கொள்ள ஒவ்வொரு நாட்டு அமைப்பாளருக்கும் உரிமை உண்டு. ஆகவே தேசியச் சுற்றில் செல்லுபடியானது உலக இறுதியில் செல்லாமல் போகலாம். சென்னையிலிருந்து கிளம்பும் பிள்ளைகள் சர்வதேச விதி, இந்திய விதி இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க வேண்டும்.

"பக்கத்து டீம் அதே தப்பைச் செஞ்சிருக்கு, அவங்களை விட்டுட்டாங்க. சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?"

யாரிடம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் அந்த அணியிடமே போய்ச் சொல்லுங்கள். "எங்களுக்கு இதை மாத்தச் சொன்னாங்க, உங்களுக்கும் பின்னாடி பிரச்சினை ஆகலாம். எங்ககிட்ட உதிரி இருக்கு, வேணுமா?" ஃபர்ஸ்ட் உலகத்தில் கிரேஷியஸ் புரொஃபஷனலிசம் என்று அடிக்கடி சொல்வார்கள், மறைந்த எம்ஐடி பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் பரப்பிய கருத்து அது. கடுமையாகப் போட்டி போடு, எதிராளியையும் மதித்து நட என்பது அதன் சாரம். குறையை நேரில் சொல்லி உதிரியும் நீட்டுவதை விட அதற்குப் பொருத்தமான செயல் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால், பேட்டரி ஆடுவது, வெறும் கம்பி வெளியே தெரிவது போன்றவை என்றால், காத்திராமல் இன்ஸ்பெக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் உங்கள் ரோபோவைக் காப்பாற்ற "அவங்களும்தான் செஞ்சிருக்காங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதனால் உங்கள் ரோபோ தேறாது, இரண்டு அணிகளும் நிற்கும்.

"கண்டும் காணாம விடுற இன்ஸ்பெக்டர் நல்லவர்தானே? பசங்க ஆடட்டும்னு விடுறார்."

இதில் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு உண்டு. கறாரானவரைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு அதிகக் கெடுதல் செய்பவர், முதல் போட்டியில் பார்த்தும் விட்டவர்தான். அவர் விட்ட மெலிந்த கம்பியோடு அணி ஒரு மாதம் பழகிவிடுகிறது. அதன் மேலேயே மற்றவற்றைக் கட்டுகிறது. டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்ஷிப்பில் ஒருவர் அதை நிறுத்தும்போது மாற்றக் கைவசம் இருப்பது ஒரு மாலை. நிறுத்தியவர் வில்லன் ஆகிவிடுகிறார், விட்டவர் நல்லவராகவே நினைவில் நிற்கிறார். மருந்து கசக்கும் என்று முதல் நாள் கொடுக்காமல் விட்ட பாட்டியை யாரும் குறை சொல்வதில்லை, ஊசி போட்ட டாக்டரைத்தான் பிள்ளை முறைக்கும்.

ஆடவைக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லது. அதற்கு வழி, முதல் போட்டியிலேயே குறையைச் சொல்லி, கூட இருந்து திருத்தித் தருவது. நேரமே இல்லை, ஆபத்தும் இல்லை, ஆடட்டும் என்று எல்ஆர்ஐ முடிவு செய்தால் அதையும் அணியிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "இது விதிப்படி சரியில்லை, அடுத்த போட்டிக்கு முன் மாற்றிவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

"யாரும் பார்க்கல. எங்களுக்குத்தான் தெரியும், ஒரு மோட்டார் பிரேக்கர் தப்புன்னு. விட்டுடலாமா?"

கூடாது. செக்லிஸ்ட்டின் முடிவில் உங்கள் அணித் தலைவரும் மென்டாரும் கையெழுத்துப் போடும் இடம் இருக்கும். இன்ஸ்பெக்டர் பார்த்தாரா இல்லையா என்பது அந்தக் கையெழுத்துக்குப் பொருட்டில்லை. பிரேக்கர் மாற்ற இரண்டு நிமிடம் ஆகும், போய் மாற்றிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

"எங்க மென்டாரே அந்தப் போட்டியில இன்ஸ்பெக்டர். எங்க ரோபோவை அவரே பார்த்தா என்ன?"

வேண்டாம் என்பதே என் கருத்து. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும், கட்டியவர் கண்ணுக்குக் குறை தெரியாது என்று முதல் பதிலில் சொன்னதும் இங்கே பொருந்தும். அவர் எல்ஆர்ஐயிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, வேறொருவரை அனுப்பச் சொல்ல வேண்டும்.

"நானும் இன்ஸ்பெக்டரா போகலாம்னு இருக்கேன். ஆளுக்கு ஆள் மாறாம எப்படிப் பார்க்கிறது?"

வாருங்கள், ஆள் பற்றாக்குறைதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். சீசன் மேனுவலின் ரோபோ பகுதியைப் புதிதாகப் படியுங்கள், போன ஆண்டு படித்ததை நம்பாதீர்கள். அதுவரை வந்த டீம் அப்டேட் அனைத்தையும் பாருங்கள். போட்டி அன்று காலை மற்ற இன்ஸ்பெக்டர்களோடு நின்று, எண் இல்லாத விதிகளுக்கு இன்று என்ன அளவுகோல் என்று எல்ஆர்ஐயிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கூரான ஓரம் என்றால் என்ன, பேட்டரி எவ்வளவு ஆடினால் நிறுத்துவோம் என்று பத்து நிமிடம் பேசினாலே அன்றைய முரண்பாடுகள் பெருமளவு குறையும். முதல் இரண்டு ரோபோக்களை இன்னொருவரோடு ஜோடியாகப் பாருங்கள்.

பிட்டில் மாணவரிடம் பேசுங்கள், மென்டாரிடம் பேசாதீர்கள். "கூடாது" என்று சொல்லும் முன் மேனுவலைத் திறந்து அந்த வரியை நீங்களே படித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் "கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கேளுங்கள். ஒரு அணிக்குச் சொன்ன தீர்ப்பைச் சக இன்ஸ்பெக்டர்களுக்கும் உடனே சொல்லிவிடுங்கள், அடுத்த பிட்டிலும் அதுவே நடக்க வேண்டும்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் புகார் எழுதினா ஏதாவது ஆகுமா? அடுத்த வருஷம் எங்களைப் பழிவாங்கமாட்டாங்களா?"

பழிவாங்குவார்கள் என்ற பயம் தேவையில்லை. போட்டி முடிந்ததும் கருத்து கேட்பார்கள், அதில் எழுதுங்கள். ஆளைப் பற்றி எழுதினால் பயன் குறைவு. எந்த விதி, எந்தப் பாகம், முதல் போட்டியில் என்ன சொன்னார்கள், அடுத்ததில் என்ன சொன்னார்கள் என்று நான்கு வரியில் எழுதி, ஒரு போட்டோவும் வைத்தால் அது அடுத்த சீசன் பயிற்சிக்கு உதாரணமாகக்கூட ஆகலாம். கோபம் ஆறிய பிறகு, ஒரு வாரம் கழித்து, மாணவரையே எழுதவிடுங்கள். அந்த விதியின் சொற்கள்தான் குழப்பம் என்றால், அடுத்த ஜனவரியில் புது மேனுவல் வந்ததும் அதே இடத்தைத் தேடிப் படியுங்கள். சொல் மாறவில்லை என்றால் கேள்வி-பதில் திறந்ததும் உங்கள் அணியின் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.